முந்நூறு பேரின் ‘உஷ்’

நூலகர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலை விளம்பரப் படக்காரர் நூலகத்துக்குள் நுழைந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றை முழங்காலால் அமுக்கி, கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். காதோடு வெட்டிய தலைமயிர். இருபத்திரண்டு வருடமாகத் தடித்த தொகுதிகளைத் தூக்கித் தூக்கித் திரண்டுபோன கைகள். சற்று முன்புதான் ஒரு வாசகர் வந்து, “அந்தச் செவப்பு அட்டை போட்ட புஸ்தகம் இருக்கா மேடம்?” என்று கேட்டிருந்தார். “இது என்ன துணிக்கடையா, கலர் சொல்லிக் கேக்க? பேரச் சொல்லுங்க” என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கூரை விசிறியோடு சுற்றிக்கொண்டிருந்தது.

படக்காரர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“லைப்ரரியன் இல்லீங்களா?”

“நான்தான்.”

“இல்லம்மா. லைப்ரரியன். பெரியவங்க.”

“என்னைவிடப் பெரிசு இங்க அந்தத் தூண்தான். வேணும்னா அதுகிட்டக் கேளுங்க.”

படக்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கி, விரல்களைச் சதுரமாக மடக்கி, அதன் வழியே ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு கையைத் தொங்கப்போட்டார். டாக்டர்கள் எக்ஸ்ரேயைக் கீழே வைக்கும் விதம் அது.

“நகரசபைக்காக ஒரு படம் எடுக்கறோம் மேடம். நாலு நிமிஷம். ‘மௌனத்தின் காவலர்’னு தலைப்பு. வெள்ளிக்கிழமை இங்க புது மெஷின் திறப்பு விழா, தலைவர் வர்றார், அன்னிக்குப் போட்டுக் காட்டணும். உங்களைத்தான் எடுக்கலாம்னு வந்தோம். ஆனா தப்பா நினைக்காதீங்க... நீங்க ரொம்ப உயிரோட இருக்கீங்க.”

“செத்ததும் சொல்லி அனுப்பறேன். வந்து எடுத்துக்கங்க.”

அவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மத்தியானமே ஒரு நடிகையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சோப்பு விளம்பரத்தில் மாமியாராகவும், வங்கி விளம்பரத்தில் தலைமை ஆசிரியையாகவும் வருகிற அம்மாள். இறுக்கிய கொண்டை. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போனதைப் போலவே புதிதாகத் தைத்து வாங்கிய சாம்பல் நிற உடை. சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. அதில் கண்ணாடி கிடையாது, வெறும் சட்டம். கண்ணாடி இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சிடுமாம். அந்த அம்மாளை நூலகரின் நாற்காலியில் உட்கார வைத்து, ஆள்காட்டி விரலை உதட்டில் வைக்கச் சொல்லி, “உஷ்” என்று நாற்பது தடவை சொல்ல வைத்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் அன்பா சொல்லுங்க. ஆனா கண்டிப்பும் இருக்கணும். உங்களுக்குக் கல்யாணம் ஆகல, அதை மனசுல வச்சுக்கங்க” என்றார் படக்காரர்.

எதற்கு நாற்பது தடவை என்றால், அந்த ‘உஷ்’ படத்துக்கு மட்டுமல்ல. வரப்போகும் மெஷின் புத்தகத்தைத் தானே கொடுக்கும், தானே வாங்கும். மண்டபத்தில் சத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் தானே ‘உஷ்’ என்று சொல்லும். அந்தக் குரல் இந்த அம்மாளுடையது.

நூலகருக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மாலைத் தபால் வரும்வரை.

தபாலில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான தீர்மானத்தின் நகல் இருந்தது. ‘தானியங்கிப் பொறி நிறுவப்படுவதால், புத்தகம் கொடுத்தல், புத்தகம் வாங்குதல், அமைதி காத்தல் ஆகிய பணிகளுக்குத் தனியாக ஒரு நூலகர் தேவைப்படாது எனக் கருதி, மேற்படி பணியிடத்தை அடுத்த மாத முதல் தேதியோடு நீக்கவும், மேற்படியாரைப் பொருள் கிடங்குக்கு மாற்றவும், நூலகத்துக்குக் காவலாளி ஒருவரை அமர்த்தவும்.’

மூன்று தடவை படித்தாள். இருபத்திரண்டு வருடம், அதற்கு முன்னால் படித்த நூலகப் படிப்பு, எல்லாவற்றையும் காய்ச்சி வடித்தால் மூன்று வேலைகள். அதில் மூன்றாவதை அவள் ஒரு நாளும் செய்ததில்லை. தெருவிளக்கு பல்பையும் தண்ணீர்க் குழாயையும் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கில் அவள் என்ன செய்வாள்? பல்புகளைப் பேசாமல் இருக்கச் சொல்வாளா?

ஒரு வாரமாவது அவகாசம் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். ஏழு பேரிடம் கைமாறி, எட்டாவது ஆள் இரக்கப்பட்டார். “கூட்டம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு. ரெண்டு நிமிஷம் பேச விடறோம். அழக்கூடாது.”

“நான் எதுக்குங்க அழறேன்? கத்துவேன்.”

“அதுவும் கூடாது. லைப்ரரியன்தானே நீங்க?”

புதன்கிழமை லேத்துக்காரர் வந்தார். பட்டறையில், லேத் இயந்திரத்தில், வலது கையின் மூன்று விரல்களை விட்டுவிட்டு வந்தவர். இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை அவரேதான் கழற்றி எறிந்தார் என்பது முதலாளி தரப்பு வாதம். மூடியே ஒரு நாளும் இருந்ததில்லை என்பது அவர் வாதம். பார்த்தவர்கள் எல்லாரும் இன்னும் அதே பட்டறையில் வேலை செய்கிறார்கள். ஆகவே யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை.

நான்கு மாதத்துக்கு முன் அவர் வந்து, “சட்டம் சம்பந்தமா ஏதாச்சும் புஸ்தகம் இருக்கா மேடம்?” என்று கேட்டபோது, அவள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. நாற்காலியைக் கொடுத்தாள். முழுக்கதையும் கேட்டாள். பிறகு அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தொழிற்சாலை ஆய்வுத் துறை வருடா வருடம் ஓர் அறிக்கை அச்சடித்து நூலகங்களுக்கு இலவசமாக அனுப்புகிறது. அதை யாரும் படிப்பதில்லை. அச்சடித்தவர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம். பதினான்கு தொகுதிகள். மூன்று வாரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய தொகுதியில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அதே பட்டறை, அதே இயந்திர எண்: ‘சுழலும் பகுதிக்கு மூடி இல்லை. உடனே பொருத்த அறிவுறுத்தப்பட்டது.’ அன்று அவள் போட்ட கூச்சலில், பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

இப்போது இழப்பீட்டு விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணி. அச்சிட்ட மூலத் தொகுதியை அதன் பொறுப்பாளரே நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நோட்டீஸில் இருந்தது.

“அக்கா, வந்துடுவீங்கல்ல?”

“தம்பி, மூணு மணிக்கு எனக்கு நகரசபைல ரெண்டு நிமிஷம். பொழைச்சிக் கெடந்தா ஓடி வந்துடறேன். செத்தாலும் நாலு மணிக்குள்ள செத்துட்டு வந்துடறேன். எதிர்க் கட்டடம்தானே.”

வியாழக்கிழமை சாயங்காலம் படக்காரர் வந்து, விழாவுக்காக மண்டபத்தைக் “கொஞ்சம் அழகுபடுத்தணும்” என்றார். சாவியைக் கொடுக்கச் சொல்லித் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம்.

“அலமாரில மட்டும் கை வைக்காதீங்க.”

“ஐயோ, எதுக்கு மேடம் கை வைக்கப் போறோம்?”

வீட்டுக்குப் போனால் அங்கே நாத்தனார் வந்திருந்தாள். அவள் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்றபடியே விற்பவள். ஆகவே உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் வேலை அல்ல என்பது அவள் கட்சி.

“கேள்விப்பட்டேன் அண்ணி. போனா போகுது விடுங்க. அங்கயும் உக்காந்து கதைப் புஸ்தகம்தானே படிச்சீங்க? கிடங்குலயும் ஒரு நாற்காலி போட மாட்டாங்களா?”

“நான் வேலை நேரத்துல ஒரு கதைப் புஸ்தகம் முழுசாப் படிச்சு இருபத்திரண்டு வருஷமாச்சு, தெரியுமா உனக்கு?”

“அப்ப அங்க என்னதான் செஞ்சீங்க?”

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். லாரி ஓட்டுபவர், நல்ல மனிதர். “அவளைச் சீண்டாத. நாளைக்கு ரெண்டு நிமிஷத்துல இதைத்தான் சொல்லப் போறா. அதான் என்ன சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கா” என்றார். பிறகு அவரும் மெல்லக் கேட்டார்: “ஆமா, என்னதான் சொல்லப் போற?”

சுருக்கென்றது. கட்டிய புருஷனுக்கே பாடம் எடுக்க வேண்டியிருந்தால், கைதூக்குவதற்கென்றே கையை வைத்திருக்கும் கவுன்சிலர்களுக்கு இரண்டு நிமிடத்தில் என்ன புரியும்? அவள் லேத்துக்காரரின் கதையைச் சொல்வது என்று முடிவு செய்தாள். அந்தத் தொகுதியைக் கையில் தூக்கிக்கொண்டே போவாள். மேசைமேல் ‘தொம்’ என்று போடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வானவில். வாசலருகே ஊதா. அதை அடுத்து நீலம், பச்சை, மஞ்சள். மண்டபத்தின் கோடியில், மேடைக்குப் பின்னால், கூரை வரை உயர்ந்த அலமாரிகளில் ஆரஞ்சும் செங்கல் நிறமும் சிவப்புமாக ஒரு சூரிய அஸ்தமனம். ஆறாயிரம் புத்தகங்கள். இருபது கூலியாட்கள் ராத்திரி முழுக்க நின்று, நிறம் பார்த்து அடுக்கியிருந்தார்கள். சமையல் பக்கத்தில் சட்டம், சட்டத்தின் மடியில் குழந்தைப் பாட்டு, அதன் தோளில் கை போட்டுக்கொண்டு சிறுநீரக நோய்கள்.

கிட்டே போய்ப் பார்த்தாள். முதுகில் ஒட்டியிருந்த எண்களைக் காணவில்லை. அவற்றின்மேல் அந்தந்த நிறத்தில் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது.

“எப்படி மேடம்? பேச்சே வரல பாத்தீங்களா!” என்றார் படக்காரர்.

“நம்பரெல்லாம் எங்கய்யா?”

“அதான் மேடம் அசிங்கமா இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு நம்பர். ஒண்ணுக்கொண்ணு மேட்சே ஆகல.”

அவள் அப்போது சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது. மேடையோர மூலையில் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து மாட்டியிருந்த புது மெஷின் மட்டும் பச்சை விளக்கு மின்ன, அன்பும் கண்டிப்பும் கலந்து, “உஷ்” என்றது.

தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டதில் அரை மணி நேரம் போனது. “நல்லா இருக்குன்னு தலைவரே ஃபோட்டோ பாத்துட்டுச் சொன்னாரே” என்றார்கள். ஃபோனை வைத்துவிட்டு அறிக்கைத் தொகுதியைத் தேட ஆரம்பித்தாள். முந்நூற்று முப்பத்தொன்று, புள்ளி, இருபத்தைந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆறாவது வரிசை, மேல் தட்டு, இடது கோடி. அந்த இடத்தில் இப்போது மீன் வளர்ப்பும் யோகாசனமும் நீல நிறத்தில் ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன.

சரி, அந்தத் தொகுதி என்ன நிறம்?

கண்ணை மூடிப் பார்த்தாள். எண் வந்தது. பக்கம் வந்தது. பதினோராவது வரி வந்தது. நிறம் வரவில்லை. இருநூறு முறை கையில் எடுத்த புத்தகம். ஒருமுறைகூட அவள் அதைப் பார்த்ததில்லை.

“அம்மா, என்ன தேடறீங்க?” என்று பக்கத்தில் வந்து நின்றாள் கூட்டுகிற அக்கா. பத்தொன்பது வருடமாக அங்கே கூட்டுகிறவள். கையில் ஈரத்துணி.

“இப்ப இல்லக்கா. தள்ளுங்க.”

ஊதாவிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துக்கொண்டே போனாள். பச்சைக்கு வருவதற்குள் பன்னிரண்டு மணி. அக்கா திரும்பவும் வந்தாள். “அம்மா, அந்தத் தடித் தடியா இருக்குமே, மேல் தட்டுல...”

“அக்கா, உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் சும்மா இருங்க.”

மஞ்சள் முடிவதற்குள் மணி ஒன்றே முக்கால். நாற்காலிகள் நிரம்பத் தொடங்கியிருந்தன. லேத்துக்காரர் வாசலோரம் வந்து, இடது கையால் வலது கையை மூடிக்கொண்டு நின்றார். நூலகர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அக்கா மூன்றாவது முறையாக வந்து, இம்முறை கேட்காமலே சொன்னாள்.

“பதினாலு புஸ்தகம். நாலு பச்சை, ஆறு கறுப்பு, மூணு நீலம். ஒண்ணே ஒண்ணு மட்டும் செங்கல் கலரு. முதுகு கிழிஞ்சிருக்கும், அடியில எலி கடிச்ச தடம் இருக்கும். நீங்க நடுவுல சீட்டு வச்சீங்களே, அந்தச் செங்கல்தான். தூசி தட்டறப்ப சீட்டு விழுந்துடாம புடிச்சிக்கிட்டேதானே தட்டுவேன்.”

நூலகர் எழுந்து நின்றாள். 

“முதல்லயே ஏன்க்கா சொல்லல?”

“ரெண்டு தடவை வந்தேனே. அதோட, நீங்கதான் போர்டு எழுதி வச்சிருக்கீங்களே.”

விளக்குமாறு வைக்கும் இடத்துக்கு மேலே, அவளுடைய அழகான கையெழுத்தில், பதினெட்டு வருடமாகத் தொங்குகிற அட்டை: ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அலமாரிப் புத்தகங்களைத் தொட வேண்டாம்.’ அக்காவுக்கு அதை வேறு யாரோதான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். ஊரார் தன்னை உஷ் என்பதோடு முடித்துவிட்டார்கள் என்று நாலு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு, கொதிக்க இப்போது வேறு ஓர் ஆள் கிடைத்தாள். அந்த ஆள் கண்ணாடியில் மட்டுமே தெரிவாள்.

ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. செங்கல் நிறம் மேடைக்குப் பின்னால் இருந்தது. மேடையில் தலைவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

விழா இரண்டு மணிக்கு என்றால் இரண்டரைக்குத் தொடங்கியது. வரவேற்புரை, முன்னிலை உரை, முன்னிலை வகித்தவரைப் பாராட்டி ஓர் உரை. மேடையை நெருங்கிய நூலகரைப் படக்காரரின் ஆட்கள் மறித்தார்கள்: “மேடம், செட்டைத் தொடாதீங்க, படம் ஓடிட்டிருக்கு.” படமும் ஓடியது. திரையில் சாம்பல் உடை அம்மாள் தனியாக நடந்தாள், தனியாகப் பெருமூச்சு விட்டாள், தனியாக ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தாள். நாலு நிமிடத்தில் ஒரு வாசகர்கூட அந்த நூலகத்துக்குள் வரவில்லை. மூன்று மணிக் கூட்டம் நாலு மணிக்குத் தள்ளி வைக்கப்பட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

மூன்றரைக்குத் தலைவர் எழுந்தார். மேடையில், மெஷினுக்குப் பக்கத்தில் அழகுக்காக உட்கார வைத்திருந்த நடிகை அம்மாளை நோக்கிக் கையை நீட்டினார். ஒரு கேடயம் எடுத்துக் கொடுக்கப்பட்டது.

“இருபத்திரண்டு வருஷம்! இந்த அம்மா இந்த நூலகத்துல இருபத்திரண்டு வருஷம் உழைச்சிருக்காங்க. ஒரு வார்த்தை சத்தமாப் பேசினதில்லை!”

கைதட்டல்.

“சார், நான் வந்து...” என்றாள் நடிகை.

“பாருங்க! இப்பவும் எவ்வளவு மெதுவாப் பேசறாங்க!”

இடி போல் கைதட்டல். கேடயம் அந்த அம்மாளின் கையில் ஏறியது. முதல் வரிசையில் கறுப்புக் கோட்டு ஒன்று எழுந்து நின்று தட்டியது.

நூலகர் மறித்த ஆட்களை ஒதுக்கினாள். செய்தித்தாள் கட்டுகளைத் தூக்கிய கைகளுக்கு அது பெரிய காரியமாக இல்லை. மேடை ஏறினாள். துணைத் தலைவரிடம் போய், “சார், கொஞ்சம் எந்திரிங்க. நாற்காலி வேணும்” என்றாள். அவர் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டார். எந்திரி என்றால் எழுவதும், கை தூக்கு என்றால் தூக்குவதும்தான் அவர் பதவி. நாற்காலியை அலமாரியோரம் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

மண்டபத்தில் ஒருவர் “உஷ்!” என்றார். அடுத்தவர் சொன்னார். பிறகு முந்நூறு பேரும் சேர்ந்து நூலகரைப் பார்த்து “உஷ்ஷ்!” என்றார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பொறுக்காமல் மெஷினும் “உஷ்” என்றது.

“அது இல்லம்மா! இடது பக்கம்! இன்னும் மேல! முதுகு கிழிஞ்சது!” என்று கீழேயிருந்து அக்கா முழுத் தொண்டையில் கத்தினாள்.

நூலகர் எக்கிப் பிடித்து இழுத்தாள். நிறம் பார்த்து அடுக்கியவர்கள் கனம் பார்க்கவில்லை. செங்கல் தொகுதியோடு சேர்ந்து சூரிய அஸ்தமனத்தில் பாதி சரிந்து, தலைவரைச் சுற்றி மடமடவென்று விழுந்தது. கையில் வந்த தொகுதியைப் பிரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் சீட்டு அப்படியே இருந்தது.

“யாரும்மா நீங்க?” என்றார் தலைவர், தோளில் விழுந்த ஒரு நாவலைத் தட்டிவிட்டபடி.

“நூலகர்.”

“அப்ப இவங்க?”

நடிகை அம்மாள் வெறும் சட்டத்தைக் கழற்றினாள். “நான் ரெண்டு நாள் கால்ஷீட் சார். அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்.” கேடயத்தை மெஷின்மேல் வைத்துவிட்டு, கொண்டை ஊசியை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். “தலை வலிக்குதுங்க” என்றாள் பொதுவாக.

தலைவர் எத்தனையோ மேடை கண்டவர். இரண்டு வினாடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கியை இழுத்தார். “பாத்தீங்களா, எவ்வளவு துடிப்பான நூலகர்! அம்மா, நாலு மணிக்குக் கூட்டம். ரெண்டு நிமிஷம் இல்ல, பத்து நிமிஷம் பேசுங்க. மொத்த சபையும் கேக்கும். இது என் வாக்கு.”

பத்து நிமிடம். அவளுக்கு நாக்கு ஊறியது, பொய் சொல்வானேன். கையில் தொகுதி, எதிரே வெட்கப்பட்டுப்போன தலைவர், கேமரா வேறு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பேசினால் வேலை நிலைக்கும். இன்றைக்கு விட்டால் பல்பு.

வாசலோரம் பார்த்தாள். லேத்துக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஐம்பது.

“நாலு மணிக்கு எனக்கு வேலை இருக்கு சார்.”

“என்ன வேலை?”

“லைப்ரரி வேலை” என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து குதித்தாள்.

விசாரணை அறை சின்னது. ஒரு மேசை, ஓர் அதிகாரி, மேசைக்கு அந்தப்புறம் அதே கறுப்புக் கோட்டு. முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டிய கோட்டுதான் பட்டறை முதலாளியின் வக்கீல்.

“ஐயா, இந்தத் தொகுதி நூலகத்துதுன்னும், இவங்கதான் பொறுப்பாளர்னும் என்ன ஆதாரம்? இப்பத்தான் எதிர்ல ஒரு அம்மாவுக்கு நூலகர்னு கேடயம் குடுத்தாங்க. நானே கைதட்டினேன்.”

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க லைப்ரரியனா? பாத்தா அப்படித் தெரியலையே. கார்டு இருக்கா?”

கார்டு இருந்தது. எடுத்துக் கொடுக்கும்போதுதான் அவளுக்கு அதிலிருந்த படம் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய படம். வேலையில் சேர்ந்த வாரம், நூலகர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளே முடிவு கட்டி, கூந்தலை இழுத்துக் கொண்டை போட்டு, அத்தையின் மூக்குக்கண்ணாடியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு எடுத்தது. படத்திலிருந்து நடிகை அம்மாளின் தங்கை ஒருத்தி உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தாள்.

“இது நீங்க இல்லையே?” என்றார் அதிகாரி.

வக்கீல் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு அவள் பொறுமை முடிந்தது. “சார், முதல் பக்கத்தைத் திருப்புங்க. நூலகத்துக்கு வர்ற ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் வரிசை எண் போட்டு, தேதி போட்டு, நூலகர் கையெழுத்துப் போடணும். போட்டிருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. இப்ப பேனாவைக் குடுங்க, உங்க கண்ணு முன்னாடியே போடறேன். சரியா இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்புங்க. பதினோராவது வரி. ‘சுழலும் பகுதிக்கு மூடி இல்லை.’ எழுதினது நான் இல்ல. இவர் இல்ல. உங்க ஆய்வாளர். நீங்க அச்சடிச்சு அனுப்பினதை இந்த ஊர்ல படிச்ச ஒரே ஆள் நான்தான் சார்! என் மூஞ்சி எப்படி இருந்தா என்ன? அந்த ஆளோட கையப் பாருங்க!”

“சத்தம் போடாதீங்கம்மா. இது ஆஃபீஸ்.”

“தெரியும் சார். லைப்ரரியா இருந்தா இன்னும் சத்தமாப் பேசியிருப்பேன்.”

அதிகாரி பேனாவை நீட்டினார். அவள் போட்டாள். அவர் இரண்டு கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துப் பதினோரு வரி எண்ணினார். வாசித்தார். வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழுந்து, வேறொரு நாள் தேதி வேண்டும் என்று கேட்டார்.

“எதுக்கு? மூடி வாங்கி மாட்டறதுக்கா?” என்று கேட்டுவிட்டு, அதிகாரி தொகுதியைச் சான்றாகப் பதிவு செய்துகொண்டார்.

வெளியே வந்ததும் லேத்துக்காரர் நின்றார். நன்றி சொல்ல வந்த வாய் கோணியது. “அக்கா, உங்க கூட்டம்...”

“போங்க தம்பி. போய்ச் சாப்பிடுங்க. மத்தியானம் சாப்பிட்ட மூஞ்சியா இது?”

ஐந்தரைக்கு நூலகத்துக்குத் திரும்பினாள். நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படக்காரரும் இல்லை. கூட்டத்திலிருந்து அலுவலக உதவியாளர் ஃபோன் செய்தார். தீர்மானம் நாலு நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியதாம். “‘நூலகரின் நீண்ட, அமைதியான சேவையைச் சபை பாராட்டுகிறது’ன்னு ஒரு வரி சேத்திருக்காங்க மேடம், பேரு மட்டும் காலியா விட்டிருக்காங்க, சரியா எழுதணும்ல, உங்க முழுப் பேரு என்ன?” என்று கேட்டார். அவள் ஃபோனை வைத்தாள்.

மாத முதல் தேதிக்கு இன்னும் பதினோரு வேலை நாட்கள். ஆறாயிரம் புத்தகங்கள்.

விளக்குமாறு வைக்கும் இடத்துக்குப் போய், அந்த அட்டையைக் கழற்றி நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எதுக்குக்கா அது?”

“இருக்கட்டும். என்ன எழுதியிருந்துச்சுன்னு நானே ஒரு நாள் படிச்சுப் பாக்கறேன்.”

நூலகர் ஊதா அலமாரிக்குப் போய், முதல் காகிதப் பட்டையை நகத்தால் கிளப்பி உரித்தாள். அடியில் எண் பத்திரமாக இருந்தது.

“அறுநூத்தி நாப்பத்தொண்ணு!” என்று மண்டபம் அதிரக் கத்தினாள். “அக்கா, ஒம்பதாவது வரிசை!”

“உஷ்” என்றது மெஷின்.

“நூத்தி ஐம்பது! முதல் வரிசை!”

“உஷ்.”

அக்கா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷினைப் பார்த்தாள். அதன் தலைமேல் கேடயம் இன்னும் உட்கார்ந்திருந்தது. “அம்மா, அந்த சனியனோட ஒயரைப் புடுங்கிடட்டுமா?”

“வேணாங்க்கா. இருக்கட்டும்.” நூலகர் அடுத்த பட்டையைக் கிழித்தாள். “யாரு முதல்ல ஓயறாங்கன்னு பாத்துடலாம். முந்நூத்தி முப்பத்தொண்ணு!”